உதைத்துப் பார்த்த சிலை

எங்கள் ஊர்ச் சிலைக்கு யாரும் மலர்வளையம் வைப்பதில்லை. உதைப்பார்கள்.

டோலிவருக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போவார்கள். ஒஹாயோ ஆற்றங்கரையில், வெள்ளத்தடுப்புச் சுவருக்கு வெளியே, தண்ணீரைப் பார்த்து நிற்கிற வெண்கல ஆள் அவன். தலையில் கவசத் தொப்பி, மார்பில் மிதவைச் சட்டை, இடது கையில் சுருட்டிய வடம். வலது கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆற்றில் வேலை பார்த்துச் செத்தவர்களுக்கும், இன்னும் சாகாமல் வேலை பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து வைத்த சிலை. படகுக்காரன் எவன் அதைத் தாண்டிப் போனாலும் நின்று, பூட்ஸ் நுனியால் முழங்காலுக்குக் கீழே ஓர் உதை விட்டுவிட்டுத்தான் போவான்.

அவமரியாதை ஒன்றும் இல்லை. எங்கள் தொழில் அப்படி. பார்ஜுகள் என்ற சரக்கு மிதவைகளைத் தள்ளிக்கொண்டு போகிற படகில், டெக் என்கிற தளத்தில் நிற்கிறவனுக்குக் கரையில் எதைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: இது பிடிக்குமா? மரமோ, தூணோ, இரும்பு வளையமோ, வடத்தை மாட்டும் முன் ஓர் உதை. ஆடினால் வேறு இடம் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தாலும் விடாது. தேவாலயப் படியின் கைப்பிடியை உதைத்துப் பார்த்துவிட்டு ஜெபத்துக்குப் போகிற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். பாதிரியாரும் பழகிவிட்டார்.

நான் வெர்னா ஸ்டாலிங்ஸ். ஹேஸல் ஜே என்ற படகில் சமையல்காரியாக இருந்தவள். ஒரு மாதம் படகு, ஒரு மாதம் வீடு என்று பாதி ஆயுள் போயிற்று. படகில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரம் யாருக்கு என்று கேட்டால், டெக் ஆட்களை மேய்க்கிற 'மேட்' என்பவருக்கு என்பார்கள். சுத்தப் பொய். காபிக் கெண்டி யார் கையில் இருக்கிறதோ, அவருக்குத்தான்.

என் தம்பி ராய்ஸ் அதே படகில் டெக் ஆள். ஒரு மார்ச் மாத வெள்ளத்தில், இதே டோலிவர் கரையில் பார்ஜைக் கட்ட வந்தோம். நல்ல மழை. நீரோட்டம் இழுக்கிறது. மேட் ஓடெல் கிரட்சர் கரையிலிருந்த பழைய கட்டுக்கம்பத்தைக் காட்டி, "அதுல போடு" என்றார். ராய்ஸ் போட்டான். யாரும் இறங்கி உதைத்துப் பார்க்கவில்லை. பாரம் ஏறியதும் கம்பம் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. வடம் திரும்பி அடித்ததில் தம்பி தண்ணீருக்குள் போனான்; பிணமாகத்தான் கிடைத்தான். அவனை எட்டிப் பிடிக்கப் போன ஓடெலின் வலது கையில் இரண்டு விரல்கள் வடத்தில் சிக்கிப் போயின. நியாயமாகப் பார்த்தால் இதையும் நான் அப்போதே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எனக்கு அந்த இரண்டு சொற்கள் மட்டும்தான் காதில் நின்றன. அதுல போடு.

அதன் பிறகும் அதே படகில்தான் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவருக்குச் சாப்பாடு போட்டேன். பசித்தவன் தட்டைத் தாண்டிப் போக என் அம்மா என்னை வளர்க்கவில்லை. ஆனால் காபி ஊற்றவில்லை. எல்லார் கோப்பையிலும் ஊற்றிக்கொண்டே வருவேன். ஓடெலின் கோப்பை வந்ததும் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடுவேன். அவர் எழுந்து போய்த் தானே ஊற்றிக்கொள்வார். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு பேரும் ஓய்வுபெற்ற பிறகுதான் சிலைப் பேச்சு வந்தது. கெளுத்தி மீன் வறுத்து விற்று, ஊர் ஊராகக் கையேந்தி, பழைய படகுக்காரர்கள் ஒரு குழுவாகக் கூடினோம். லூயிவில்லிலிருந்து ஃபென்விக் என்று ஒரு சிற்பி வந்தார். நல்ல மனிதர், மென்மையான கைகள். ராய்ஸின் படம் இருந்தால் அந்த முகத்தையே வைக்கிறேன் என்றார். நான் தரவில்லை. என் தம்பி முகத்தை வைத்தால் மற்ற வீட்டுக்காரர்கள் எந்த முகத்தைப் பார்ப்பார்கள்?

சண்டை வந்தது அடித்தளத்தில்தான். படகுப் பட்டறையில் மேசைமேல் வரைபடத்தை விரித்தார் ஃபென்விக்.

"ஒரு கான்கிரீட் பலகை, நாலு போல்ட். தாராளமா போதும்ங்க."

"நாலு போல்ட்டா?" என்றார் ஓடெல். "எங்க வீட்டுத் தபால் பெட்டிக்கே ஆறு போட்டிருக்கேன்."

"சார், இது சிலை. சும்மா நிக்கப்போகுது. அவ்வளவுதான்."

"கரையில எதுவும் சும்மா நிக்காதுய்யா. நின்னா எவனாவது வடத்தக் கொண்டாந்து மாட்டுவான்."

"சிலையிலயா? சிலையில யாருங்க படகக் கட்டுவாங்க?"

நான் சொன்னேன்: "ஓடெல் சொல்றதுதான் சரி. பிடிக்காத எதையும் இந்தக் கரையில நட விடமாட்டேன்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓடெலும் நானும் ஒரே பக்கம் நின்று யாரும் பார்த்ததில்லை. எனக்கே நாக்கு கசந்தது.

இப்போது யோசித்தால் அது பைத்தியக்காரத்தனம்தான். எந்த ஊரிலும் செய்யாத தவறு. சிலை வைக்கச் சொன்னால் கட்டுக்கம்பம் நட்டோம். பட்டறை ஆட்கள் பளுதூக்கிப் படகைக் கொண்டுவந்து, இரும்புக் குழாய்களைப் பாறை தட்டும்வரை அடித்து இறக்கினார்கள். அதில் ஒரு குழாயை மேலே நீட்டி, சிலையின் கால் வழியாக மார்புவரை ஏற்றி, உள்ளே கான்கிரீட் நிரப்பினார்கள். குழாய் நுழைவதற்காக ஃபென்விக் கணுக்காலைப் பருமனாக்க வேண்டியிருந்தது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் சிலைக்குத் தடிக்காலன் என்று பெயர் விழுந்தது.

மேயர் கிளென்டா ஹாப்வுட் வேலையைப் பார்க்க வந்தாள். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள்.

"ஏன் வெர்னா, சிலைக்கு எதுக்குடி பாலத்துத் தூணு? அவன் எங்க ஓடிப்போகப் போறான்?"

"ஓடிடக் கூடாதுன்னுதான்."

"கல்யாணத்துக்கு முந்தி உன் புருஷனுக்கு இப்படி அடிச்சு வச்சிருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் ஓடிப்போனது எல்லாருக்கும் தெரிந்த கதை.

திறப்பு விழாவில் வெளியூர் விருந்தாளி ஒருவர் நீளமாகப் பேசி முடித்தார். பிறகு பழைய படகுக்காரர்கள் வரிசையாகப் போய், மரியாதை செய்வார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவராகச் சிலையை உதைத்தார்கள். விருந்தாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடெல் கடைசியாகப் போனார். அவர் மட்டும் மூன்று முறை உதைத்தார். பிறகு திரும்பி என்னைப் பார்க்காமல் நடந்து போனார்.

அன்றிலிருந்து தடிக்காலன் ஆற்றுக்காரர்களின் ஆள் ஆகிவிட்டான். இருட்டியபின் கடக்கும் படகுகள் விளக்கை ஒருமுறை அவன் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். தம் வீட்டு ஜன்னலில் அப்படி விளக்கடித்து மனைவிக்குச் சேதி சொல்வது படகோட்டிகள் வழக்கம். வெள்ளம் வந்தால் ரேடியோவில் அடி கணக்கு யாரும் சொல்வதில்லை. "டோலிவர்ல தண்ணி முழங்கால்." "டோலிவர்ல தொடை." அவ்வளவுதான், மேலும் கீழும் எல்லாப் படகுக்கும் புரிந்துவிடும்.

ஆனால் ஊருக்குத் தலைவலி. ஒவ்வொரு வசந்தத்திலும் தண்ணீர் ஏறும், சேறு அப்பும், மிதந்து வரும் மரமெல்லாம் வந்து அவன் இடுப்பில் சிக்கும். தண்ணீர் வடிந்ததும் நாங்கள்தான் கழுவுவோம். ஓடெல் ஒரு பக்கம் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பார், நான் மறுபக்கம் துடைப்பத்தால் தேய்ப்பேன். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம்.

போன வருடம் கிளென்டா முடிவோடு வந்தாள். சிலையைப் பெயர்த்துச் சுவருக்கு உள்ளே பூங்காவில் வைக்க நகர மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்திருந்தாள்.

"புல்தரை, பெஞ்சு, விளக்கு எல்லாம் போட்டுத் தர்றேன் வெர்னா. பிள்ளைங்க வந்து பாக்கும். அங்க சேத்துல யாரு பாக்குறா?"

"படகுல போறவங்க பாக்குறாங்க."

"அவங்க யாருக்கும் இங்க ஓட்டு இல்லையேடி."

"கரையில எறங்கக்கூட அவங்களால முடியாது கிளென்டா. மாசம் முழுக்க தண்ணியிலயே கெடக்குறவங்க. அவனத் தூக்கி உள்ள வச்சுட்டா, அவங்களுக்குச் சுவருதான் தெரியும்."

"நான் சொல்றதுல எது தப்புன்னு சொல்லு, கேக்குறேன்."

எதுவும் தப்பில்லை. அதுதான் என் கோபம். சேறு உண்மை, செலவு உண்மை, பிள்ளைகள் உண்மை. ஐந்து உறுப்பினர்களில் மூன்று பேர் அவள் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் வாக்கெடுப்பு. ராய்ஸ் மலைமேல் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான், அங்கிருந்து ஆறு தெரியாது. அவனுக்காக ஆற்றைப் பார்த்து நிற்க இந்தத் தடிக்காலன் ஒருவன்தான் எனக்கு இருந்தான். அவனையும் திருப்பி நிறுத்தப் போகிறார்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தண்ணீர் தடிக்காலனின் இடுப்பில் இருந்தது. வெள்ளம் பார்க்க ஊரே சுவர்மேல் நின்றது. சிலைக்குக் கொஞ்சம் கீழே, கம்பங்களில் கட்டிய மிதக்கும் மீன் உணவகம் தண்ணீரோடு ஏறி நின்றது. சுவரிலிருந்து பலகைப் பாலம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் உள்ளே இடமில்லை. கிளென்டாவும் உள்ளேதான் இருந்தாள். நான் சுவரில் நின்றேன். எனக்குச் சற்றுத் தள்ளி ஓடெல் நின்றார்.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே அது நடந்தது. துறைமுகச் சிறுபடகு ஒன்று காலி பார்ஜ் ஒன்றைத் தள்ளிக்கொண்டு கரையோரமாக வந்தது. ஒரு முழு மரம் மிதந்து வந்து படகின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கிக்கொண்டது. எஞ்சின் இருமியது, நின்றது. படகும் பார்ஜும் பக்கவாட்டில் திரும்பி ஓட்டத்தோடு வரத் தொடங்கின. கீழே அந்த உணவகம். விளக்கெல்லாம் எரிய, ஜன்னலில் சாப்பிடுகிறவர்களின் தலைகள்.

பார்ஜின் மூலையில் ஒரு டெக் பெண் நின்றாள். பெயர் தாஷா கிரியர் என்று பிறகு தெரிந்தது. முப்பது வயதிருக்கும், தோளில் வடம். அவள் கரையைப் பார்த்தாள். கட்டுக்கம்பம் எல்லாம் தண்ணீருக்கடியில். சுவரில் நின்ற எங்களைப் பார்த்தாள். எதில் போடுவது என்று அவள் கண் கேட்டது. படகில் வேலை பார்த்த எவருக்கும் அந்தப் பார்வை புரியும்.

ஓடெலுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் ஆடியது. மூன்று விரல் கையைத் தூக்கினார், அது பாதியில் நின்றது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பார்ஜ் சிலைக்கு நேரே வந்துவிட்டது. இன்னும் ஒரு மூச்சு தாமதித்தால் தாண்டிவிடும்.

"அதுல போடு!" என்று சிலையைக் காட்டி நான் கத்தினேன்.

என் குரல்தான். அந்த இரண்டு சொற்கள்தான். சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

தாஷா கேள்வி கேட்கவில்லை. வடத்தின் கண்ணியை வீசினாள். அது தடிக்காலனின் தொப்பியைத் தாண்டி விழுந்து இடுப்பில் இறங்கியது. மறுமுனையைப் பார்ஜின் இரும்புக் கட்டையில் சுற்றினாள். ஒரேயடியாக இறுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிட்டுப் பிடித்தாள். வடம் விறைத்தது. புகைந்தது. பிடுங்கிக்கொண்டு வந்தால்? வடம் திரும்பி அடித்தால்? அவள் நிற்கிற இடம் ராய்ஸ் நின்ற இடம். போடச் சொன்னது நான்.

உதைத்துப் பார்த்தேனா? இத்தனை வருடம் எல்லாரும் உதைத்தார்கள். நான் ஒரு தடவைகூட உதைத்ததில்லை. நான் சமையல்காரி.

மளுக்கென்று ஒரு சத்தம். தடிக்காலனின் வலது கை, வடம் வீசத் தயாராக நீட்டியிருந்த அந்தக் கை, முறிந்து தண்ணீரில் விழுந்தது. சுவர்மேல் ஒரு பெண் அலறினாள். ஆனால் அவன் நின்றான். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, நின்றான். பார்ஜ் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, உணவகத்தின் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் அடங்கிப்போய் நின்றது. உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் மீனை மென்றுகொண்டே பார்த்தார்கள்.

சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடெல் பக்கத்தில் வந்து நின்றார். "பிடிச்சுது" என்றார்.

"பிடிச்சுது" என்றேன்.

திங்கட்கிழமை மன்றத்துக்குத் தாஷா வந்தாள். துவைத்த சட்டை, கையில் தொப்பி. எழுந்து நின்று, "உங்க சிலையோட கையை ஒடச்சிட்டேன்ங்க. மன்னிச்சிடுங்க. வேற எதுவும் கண்ணுல படல," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கிளென்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் அந்த ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். தீர்மானத்த நான் திரும்ப எடுத்துக்குறேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சேத்த மட்டும் நீயே கழுவிக்கோடி" என்றாள்.

ஃபென்விக் புதுக் கை வார்த்துத் தருவதாகச் சொன்னார். சாய்வை நிமிர்த்தவும் வழி இருக்கிறதாம். குழுவில் கேட்டோம். பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் முழுசாகப் பத்து விரல் வைத்திருந்தவர்கள் குறைவு.

"இப்பத்தான்யா அவன் டெக் ஆள் மாதிரி இருக்கான்" என்றார் ஒருவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தண்ணீர் வடிந்த முதல் காலையில் கழுவப் போனேன். ஓடெல் எனக்கு முன்பே வந்து தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். தடிக்காலனின் இடுப்பைச் சுற்றி வடம் பதித்த தடம் மின்னியது. நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன். பக்கத்தில் போய், பூட்ஸ் நுனியால், என் வாழ்நாளில் முதல் தடவையாக அவனை உதைத்தேன். கால் வலித்தது. அவன் அசையவில்லை.

ஓடெல் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அந்தச் சொற்களைச் சொல்ல ஓடெலுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இருந்திருக்காது. எனக்கும் இருக்கவில்லை. என்னுடையது பிடித்தது, அவருடையது பிடிக்கவில்லை. என் சொல்லைத் தாங்கியதும் அவர் பிடிவாதத்தால் இறக்கிய இரும்புக் குழாய்தான்.

பையிலிருந்து காபி பிளாஸ்கை எடுத்தேன். கோப்பை ஒன்றுதான் கொண்டுவந்திருந்தேன். ஊற்றி நீட்டினேன்.

அவர் உடனே வாங்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு மூன்று விரலால் பிடித்து வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சே" என்றார்.

"இத்தனை வருஷம் ஆச்சு ஓடெல். ஆறாம என்ன செய்யும்?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார், அதை மறைக்கவும் இல்லை. கோப்பையைக் காலி செய்து மறுபடி நீட்டினார். ஊற்றினேன்.